பௌத்திரம் ஆபரேஷன் நோட்: டாக்டர் பேசி எழுதுறதா, டெம்ப்ளேட்ல டிக் அடிக்கிறதா?

அமெரிக்க ஆஸ்பத்திரிகளோட சர்ஜரி சார்ட்ட சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் உக்காந்து கோடிங் பண்றவங்களுக்கு, அதாவது டாக்டர் நோட்ட படிச்சு நோய்க்கும் ஆபரேஷனுக்கும் பில்லுக்கான கோடு எண் போடுறவங்களுக்கு, ஏனல் ஃபிஸ்டுலா, அதாவது பௌத்திரம், பாக்க சின்ன கேஸ் மாதிரிதான் தெரியும், நோட் ஒரு பக்கம் இருந்தாலே அதிகம். ஆனா அந்த ஒரு பக்கத்துல ஒரு வார்த்தை விட்டுப்போனா கோடு மாறிடும், கோடு மாறினா இன்சூரன்ஸ் க்ளெய்ம் டினை ஆகும், அதாவது பணம் தர மாட்டேன்னுடுவாங்க, டினை ஆனா கடைசியில பில் போய் நிக்கிறது உக்காரவே முடியாம வலியில இருக்கிற பேஷன்ட் வீட்டுலதான். அதனால இந்த நோட்ட எப்படி எழுதினா நல்லதுன்றத நான் சும்மா ஆபீஸ் விஷயமா பாக்கல.

இப்ப ரெண்டு ஸ்டைல் புழக்கத்துல இருக்கு. ஒண்ணு டிக்டேஷன், சர்ஜன் ஆபரேஷன் முடிச்சிட்டு மைக்ல கதையா சொல்லிடுவார், அது டைப் ஆகி வரும். இன்னொண்ணு இஎச்ஆர், அதாவது கம்ப்யூட்டர் மருத்துவ பதிவுல வர்ற டெம்ப்ளேட், ட்ராப்டவுன்ல தேர்ந்தெடுத்து டிக் அடிச்சா நோட் தானா ரெடி ஆயிடும். எது மேல்னு ஒரே வரியில சொல்ல முடியாது, ஏன்னா டயக்னோசிஸ் கோடுக்கு ஒண்ணு ஜெயிக்குது, ப்ரொசீஜர் கோடுக்கு இன்னொண்ணு ஜெயிக்குது.

டயக்னோசிஸ் பக்கம்

2024 அக்டோபர் 1க்கு முன்னாடி ஐசிடி-10-சிஎம்ல, அதாவது அமெரிக்காவோட நோய் கோடு பட்டியல்ல, பௌத்திரத்துக்கு கே60.3ன்னு ஒரே கோடுதான், போட்டுட்டு அடுத்த சார்ட்டுக்கு போயிடலாம். அன்னிலேருந்து அது ஒன்பது கோடா பிரிஞ்சிடுச்சு. சிம்பிளா காம்ப்ளெக்ஸான்னு முதல் கேள்வி, அதுக்குள்ள முதல் தடவை வந்ததா, ஆறாம நீடிக்கிறதா, ஆறி மறுபடி வந்ததான்னு ரெண்டாவது கேள்வி. சிம்பிள், முதல் தடவைன்னா கே60.311, காம்ப்ளெக்ஸ், மறுபடி வந்ததுன்னா கே60.323, இந்த மாதிரி. ரெண்டுமே சொல்லலன்னா கே60.30, எந்த விவரமும் இல்லாத கோடு. ரெக்டல் ஃபிஸ்டுலா கே60.4, ஏனோரெக்டல் கே60.5, அதுங்களையும் இதே மாதிரி பிரிச்சிட்டாங்க.

இங்க டிக்டேஷன் தோத்துப்போகுது, ஏன்னா சர்ஜன் கதை சொல்லும்போது சிம்பிள் காம்ப்ளெக்ஸ்ன்ற வார்த்தையே அவர் வாயில வராது. அவர் படிச்சது பார்க்ஸ் வகைப்பாடு, லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியோட ஆலன் பார்க்ஸும் கூட ரெண்டு பேரும் 1976ல வெளியிட்டது, ட்ராக், அதாவது உள்ளேர்ந்து வெளிய வர்ற அந்த குழாய் வழி, ஆசனவாய மூடுற ஸ்பிங்க்டர் தசைய எப்படி கடந்து போகுதுன்றத வெச்சு இன்டர்ஸ்பிங்க்டெரிக், ட்ரான்ஸ்ஸ்பிங்க்டெரிக், சுப்ராஸ்பிங்க்டெரிக், எக்ஸ்ட்ராஸ்பிங்க்டெரிக்னு நாலா பிரிக்கிறது. ஹை ட்ரான்ஸ்ஸ்பிங்க்டெரிக்னு அவர் சொல்லிட்டா அவர பொறுத்தவரைக்கும் எல்லாம் சொல்லியாச்சு, படிக்கிற எந்த சர்ஜனும் இது காம்ப்ளெக்ஸ்னு புரிஞ்சுக்குவார். கோடருக்கும் புரியும், ஆனா புரிஞ்சத வெச்சு கோடர் காம்ப்ளெக்ஸ்னு போடக்கூடாது, அது க்ளினிக்கல் முடிவு, டாக்டர்தான் எழுதணும். டெம்ப்ளேட்ல அந்த ரெண்டு பாக்ஸ் இருந்துட்டா பிரச்சனை அங்கயே தீந்துடும்.

ஆனா டெம்ப்ளேட்ல ஒரு ஆபத்து இருக்கு, அத நான் ரொம்ப சீரியஸா பாக்குறேன். டீஃபால்ட்டா சிம்பிள்னு டிக் ஆகி நிக்கிற பாக்ஸ். அவசரத்துல சர்ஜன் அத மாத்தலன்னா நோட்ல மேல சிம்பிள்னு இருக்கும், கீழ மூணு ட்ராக், ரெண்டு சீட்டான் (ட்ராக்குக்குள்ள கோத்து விடுற நூல்)னு இருக்கும். டிக்டேஷன்ல விட்டுப்போனது விட்டுப்போனதாவே தெரியும், க்வெரி, அதாவது டாக்டர் கிட்ட எழுதி கேக்குற கேள்வி, போடலாம். டெம்ப்ளேட்ல தப்பா வந்தது சரியான மாதிரியே உக்காந்திருக்கும், அதான் மோசம். அந்த சிம்பிள் அப்படியே அடுத்த விசிட் நோட்டுக்கும் காப்பி ஆகி, ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற சர்ஜன் அத நம்பி கத்திய எடுத்தா, வெட்டுப்படுறது பேஷன்டோட மலம் அடக்குற தசை.

ப்ரொசீஜர் பக்கம்

சிபிடிக்கு, அதாவது ப்ரொசீஜருக்கான கோடு பட்டியலுக்கு, சிம்பிளா காம்ப்ளெக்ஸான்றதெல்லாம் தேவையே இல்ல, அதுக்கு வேண்டியது எந்த ஆழம்ன்றதுதான், கிட்டத்தட்ட பார்க்ஸ் சொன்ன அதே கணக்கு. தோலுக்கு கீழயே போற ட்ராக்னா 46270, இன்டர்ஸ்பிங்க்டெரிக்னா 46275, ட்ரான்ஸ், சுப்ரா, எக்ஸ்ட்ரா இல்ல பல ட்ராக்னா 46280. ஃபிஸ்டுலாட்டமியா ஃபிஸ்டுலெக்டமியா, திறந்து விட்டாரா வெட்டி எடுத்தாரான்றது இந்த மூணுலயும் கோட மாத்தாது, புதுசா வர்றவங்க பாதி பேர் இதுலதான் மண்டைய ஒடச்சிக்கறாங்க.

சீட்டான் தனி தலைவலி. சீட்டான் மட்டும் போட்டுட்டு வந்தா 46020. 46280 பண்ணும்போதே சீட்டானும் போட்டா அது 46280க்குள்ளயே அடங்கிடும், தனியா பில் பண்ணக்கூடாது. இப்ப டெம்ப்ளேட்ல ஃபிஸ்டுலாட்டமிக்கு ஒரு டிக், சீட்டானுக்கு ஒரு டிக்னு ரெண்டும் விழுந்திருந்தா, தசைய நிஜமாவே வெட்டினாரா, இல்ல ப்ரோப் விட்டு வழிய கண்டுபிடிச்சு நூல மட்டும் கோத்துட்டு வந்தாரா? டிக்க பாத்து சொல்லவே முடியாது. டிக்டேஷன்ல ஹைட்ரஜன் பெராக்சைடு ஏத்தினேன், உள்வாய் பின்பக்கம் நடுவுல தெரிஞ்சுது, ப்ரோப் விட்டேன், எக்ஸ்டெர்னல் ஸ்பிங்க்டர்ல பாதிக்கு மேல தாண்டி போச்சு, அதனால வெட்டல, லூஸ் சீட்டான் போட்டேன்னு தெளிவா வரும், 46020னு யோசிக்காம போட்டுடலாம்.

மணி கணக்குல இடம் சொல்றதும் அப்படித்தான், டெம்ப்ளேட்ல 6 மணின்னு ஒரு நம்பர் மட்டும் வரும், மல்லாக்க படுக்க வெச்சு பண்ணதா குப்புற படுக்க வெச்சு பண்ணதான்னு தெரியாம அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, முன்பக்கம் பின்பக்கம்னு எழுதிட்டா குழப்பமே கிடையாது.

லிஃப்ட் ஆபரேஷன், 2007ல தாய்லாந்து சர்ஜன் அருண் ரோஜனசகுல் குழு வெளியிட்ட முறை, தசைய வெட்டாம ரெண்டு ஸ்பிங்க்டருக்கு நடுவுல ட்ராக்க கட்டுறது, இதுக்கு சிபிடில தனி கோடு கிடையாது, 46999ங்கற பட்டியல்ல இல்லாத ப்ரொசீஜர் கோடுதான் போடணும். அப்படி போட்டா இன்சூரன்ஸ் கம்பெனி நோட்ட கேட்டு வாங்கி ஒரு ஆள் உக்காந்து படிப்பார், டிக் லிஸ்ட் அனுப்பினா அவருக்கு என்ன நடந்துச்சுன்னே விளங்காது. இங்க கதைதான் காப்பாத்தும்.

ரெண்டு ஸ்டைலும் சறுக்குற இடம்

சீழ்கட்டியோட சேந்து வந்த பௌத்திரம். கட்டி இருந்தா டயக்னோசிஸ் கே60 குடும்பத்துலேர்ந்து கே61 குடும்பத்துக்கு போயிடும், கே60க்கு கீழ இருக்கிற எக்ஸ்க்ளூட்ஸ், அதாவது இத இங்க சேக்காதன்ற குறிப்பே அதான் சொல்லுது. கட்டி எந்த இடம்னும் தெரியணும், இஸ்கியோரெக்டல், அதாவது ஆசனவாய்க்கு பக்கவாட்டு கொழுப்பு பகுதின்னா கே61.39, அதுவே குதிரைலாடம் மாதிரி சுத்தி இருந்தா கே61.31, லெவேட்டர் தசைக்கு மேலன்னா கே61.5. ப்ரொசீஜரும் மாறும், இஸ்கியோரெக்டல் கட்டிய திறந்து அதோட ஃபிஸ்டுலாவையும் சேத்து பண்ணா 46060. டிக்டேஷன்ல கொஞ்சம் சீழ் வந்துச்சுன்னு விட்டுடுவாங்க, டெம்ப்ளேட்ல ஃபிஸ்டுலா ஃபார்ம்ல கட்டிக்கு பாக்ஸே இருக்காது.

குரோன்ஸ் நோய், அதாவது குடல்ல நீண்ட நாள் நீடிக்கிற அழற்சி, அதுவும் அதே கதை. குரோன்ஸால வந்த ஃபிஸ்டுலான்னா கே50க்கு போகணும், பெருங்குடல்னா கே50.113, குடல்ல எந்த பகுதின்னே சொல்லலன்னா கே50.913. சர்ஜன் நோட்ல குரோன்ஸ்ன்ற வார்த்தையே இருக்காது, அது கேஸ்ட்ரோ டாக்டரோட நோட்ல தூங்கிட்டு இருக்கும்.

எனக்கு எது வேணும்

ஒண்ணுதான்னா டிக்டேஷன். விட்டுப்போனத கேட்டு வாங்கிக்கலாம், ஆப்ஷன் வெச்சு, மற்றவை, சொல்ல முடியலன்ற ரெண்டையும் சேத்து, பதில நாமளே வாயில திணிக்காம ஒரு க்வெரி போட்டா டாக்டர் ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவார். ஆனா நிஜமா நான் கேக்குறது ரெண்டும் சேந்தது: மேல டீஃபால்ட் இல்லாம காலியா நாலு கட்டாய பாக்ஸ், சிம்பிளா காம்ப்ளெக்ஸா, முதலா நீடிக்கிறதா மறுபடியா, கட்டி உண்டா எங்க, குரோன்ஸ் உண்டா. கீழ சர்ஜன் தன் வாயால சொன்ன கதை. ரெண்டாவது கட்ட ஆபரேஷன் இருக்குன்னா அத அந்த கதையிலயே சொல்லிடணும், ஏன்னா 46280க்கு 90 நாள் க்ளோபல் பீரியட், அதாவது அந்த ஆபரேஷனுக்கு தந்த பணத்துலயே பின்கவனிப்பும் அடங்குற காலம், அதுக்குள்ள ரெண்டாவது கட்டத்துக்கான 46285 வந்தா மாடிஃபையர் 58, அதாவது இது ப்ளான் பண்ண அடுத்த கட்டம்னு சொல்ற கூடுதல் எண், போடணும், முன்னாடியே ப்ளான் பண்ணது நோட்ல இருந்தாதான் அது நிக்கும்.

அது வர்ற வரைக்கும் கோடர்ஸ் கிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், எந்த ஸ்டைல் நோட் வந்தாலும் மேல கொட்டை எழுத்துல இருக்கிற ப்ரொசீஜர் தலைப்ப பாத்து கோடு போடாதீங்க, உள்ள இறங்கி தசைய வெட்டின வரி எங்க இருக்குன்னு தேடுங்க, அந்த வரி இல்லன்னா தலைப்புல ஃபிஸ்டுலாட்டமின்னு இருந்தாலும் 46280 போடாம க்வெரி அனுப்புங்க.