வீட்டுக் கொம்பியூட்டரில் காணி உறுதியைப் பூட்டி வைக்க வெராகிரிப்ட் மென்பொருள்: ஒரு வருடப் பாவனைக்குப் பிறகு

போன வருடம் எங்கள் வீட்டு லப்டொப்பின் கீபோர்ட் பழுதாகி, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் திருத்தக் கொடுத்தேன். "அக்கா, பாஸ்வேட் சொல்லுங்க" என்று கேட்ட தம்பி, நான் சொன்னதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி லப்டொப் மூடியிலேயே ஒட்டி வைத்தார். இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது, "விண்டோஸும் ஸ்லோவா இருந்திச்சு அக்கா, புதுசாப் போட்டிருக்கேன், பயப்படாதீங்க, உங்கட டேட்டா எல்லாத்தையும் எங்கட ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சிட்டுத்தான் செஞ்சேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டோவில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும்போதுதான் அது உறைத்தது. எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் அத்தனை பத்திரத்தின் ஸ்கான் போல்டரும் இப்போது யாரோ ஒரு கடையின் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.

அந்த போல்டரில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் பதற்றம் புரியும். அம்மாவின் யாழ்ப்பாணத்துக் காணி உறுதி, எல்லோருடைய அடையாள அட்டை, பாஸ்போர்ட், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கி விபரம், அப்பாவின் வைத்திய ரிப்போர்ட்டுகள், தங்கச்சி கனடா போனபோது கொடுத்த பேப்பர்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று யுத்தத்தால் வலிகாமத்தில் இருந்து எல்லோரும் கிளம்பியபோது, அந்த நெரிசலில் நாவற்குழிப் பாலம் தாண்டும் வரைக்கும் அம்மா கையில் இருந்து விடாமல் கொண்டுவந்தது இந்த உறுதி இருந்த பையைத்தான். உடுப்பு விட்டுப் போயிற்று, பாத்திரம் விட்டுப் போயிற்று, பை மட்டும் வந்தது. அதை நான் ஸ்கான் பண்ணி, ஒரு ஸ்டிக்கரில் எழுதக்கூடிய பாஸ்வேட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அடையாள அட்டை இலக்கத்தையும் லேசாக நினைக்க வேண்டாம். நம்முடைய இலக்கத்தின் முன்பகுதியில் பிறந்த வருடம் இருக்கிறது, அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்று சொல்கின்றன, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் தெரிந்தால் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். அதே பிறந்த நாளைத்தான் நம்மில் பலர் பாஸ்வேட்டாகவும் வைத்திருக்கிறோம்.

அடுத்த நாளே கடைக்குத் திரும்பிப் போய் அழிக்கச் சொன்னேன், அவரும் என் கண் முன்னால் அழித்தார். ஆனால் ஒரு பைலை அழித்தால் அநேகமாக அதன் இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறதே தவிர, வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரைக்கும் ஹார்ட் டிஸ்கில் உள்ளடக்கம் அப்படியே கிடக்கும், மீட்டெடுக்கும் மென்பொருள்கள் அதைத்தான் தேடி எடுக்கின்றன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது, நல்லது, ஆனால் நான் அந்தக் கடைத் தம்பியுடன் சட்டம் பேசப் போவதில்லை. என் பக்கத்து வேலையை நான் செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது.

முதலில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு பென் ட்ரைவில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு லினக்ஸைப் போட்டு, அதில் இருந்து லப்டொப்பை ஓன் பண்ணினேன். விண்டோஸ் பாஸ்வேட்டை யாரும் கேட்கவே இல்லை. என் போல்டர், அம்மாவின் உறுதி, எல்லாம் அப்படியே திறந்தது. விண்டோஸ் பாஸ்வேட் வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி, வாசலால் வருபவரைத்தான் கேட்பார். பைல்கள் டிஸ்கில் பூட்டில்லாமலே கிடக்கின்றன. போல்டரை 'ஹிடன்' ஆக்கி வைப்பதும் அதே கதைதான், லினக்ஸில் போனால் அது மறைந்திருப்பதாகவே தெரியாது.

சரி, டிஸ்கைப் பூட்டும் மைக்ரோசொப்ட்டின் பிட்லொக்கர் போடலாம் என்று பார்த்தால், விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது முழுதாக இல்லை, ப்ரோ வேண்டும். புதிய லப்டொப்களில் ஹோமிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று ஒன்று வருகிறது, மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைந்தால் முழு டிஸ்கையும் பூட்டும், மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். லப்டொப் பஸ்ஸில் தொலைந்தாலோ களவு போனாலோ அது மிகவும் உதவும். ஆனால் எங்கள் பிரச்சினை அது இல்லை. எங்கள் வீட்டில் ஒரு லப்டொப், ஒரே பாஸ்வேட், பிள்ளைகள் ஸூம் வகுப்புக்குத் திறப்பார்கள், அத்தான் கணக்குப் பார்ப்பார், திருத்தக் கொடுத்தால் கடைக்காரரும் திறப்பார். முழு டிஸ்கையும் பூட்டினாலும், பாஸ்வேட் போட்டு உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் எல்லாம் திறந்துதான் இருக்கும். வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டகம் வேண்டும், அதற்குத் தனிச் சாவி வேண்டும்.

வெராகிரிப்ட் செய்வது அதைத்தான். இலவசம். மூலநிரலை யாரும் பார்க்கலாம். முன்பு பலர் இதே வேலைக்குப் பாவித்த ட்ரூகிரிப்ட் மென்பொருளை அதைச் செய்தவர்கள் 2014 மே மாதம் திடீரென்று கைவிட்டார்கள், அதற்கு முன்பே, 2013 இல், பிரான்சில் இருந்து முனீர் இத்ராசி அதன் நிரலை எடுத்து வெராகிரிப்ட்டை ஆரம்பித்திருந்தார். 2016 இல் குவார்க்ஸ்லாப் என்ற நிறுவனம் வெளியில் இருந்து சோதித்து 8 பாரதூரமான குறைகளைக் கண்டுபிடித்தது, அவற்றில் பெரும்பாலானவை 1.19 பதிப்பில் திருத்தப்பட்டன. குறை வந்ததைக் கேட்டுச் சிலர் பயப்படுவார்கள். எனக்கு நேர்மாறாக, வேறு ஆட்களைக் கொண்டு சோதிக்க விட்டு, பிழையை வெளியில் சொல்லித் திருத்தியதால்தான் நம்பிக்கை வந்தது. 'போல்டர் லொக்' என்ற பெயரில் கிடைக்கும் பல மென்பொருள்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது, சில வெறுமனே போல்டரை மறைத்து வைப்பதோடு சரி.

வேலை செய்யும் விதம் லேசு. 10 ஜிபி அளவில் ஒரு பெரிய பைல் உருவாக்கச் சொல்லுங்கள், அதுதான் பெட்டகம். உருவாக்கும்போது மவுஸை அங்கும் இங்கும் ஆட்டச் சொல்லும், அந்த ஒழுங்கில்லாத அசைவையும் சேர்த்துத்தான் சாவி செய்கிறது. பிறகு பாஸ்வேட் கொடுத்துத் திறந்தால் பென் ட்ரைவ் செருகியது போல ஒரு புதிய ட்ரைவ் வரும், வழமை போல உள்ளே போட்டு எடுக்கலாம், வேர்டில் நேரடியாகத் திறக்கலாம், மூடினால் மீண்டும் ஒரு பைல்தான். அதை வேறு யார் கொப்பி பண்ணிக்கொண்டு போனாலும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் மட்டுமே கிடைக்கும். பைலை ஸிப் பண்ணி பாஸ்வேட் போட்டால் போதாதா என்று அத்தான் கேட்டார். 7-ஸிப்பின் பூட்டும் பலமானதுதான், ஆனால் உள்ளே இருக்கும் ஆவணத்தைத் திறக்கும்போது ஒரு தற்காலிகக் கொப்பியை வெளியே பூட்டில்லாமல் எடுத்து வைக்கும். அனுப்புவதற்கு ஸிப் நல்லது, நாளாந்தம் பாவிப்பதற்கு இல்லை.

திறக்கும்போது சில வினாடி பொறுக்க வேண்டும், பழைய லப்டொப் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. அது பழுதில்லை. நாம் கொடுக்கும் பாஸ்வேட்டை 5 இலட்சம் தடவை கணித்துத்தான் சாவியை எடுக்கிறது, அதனால் களவாக ஊகித்துப் பார்ப்பவருக்கும் ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே அளவு கணிப்பு வேலை. பெட்டகம் செய்யும்போது இந்தக் கணிக்கும் முறையை எஸ்எச்ஏ-512 என்று விட்டிருந்தால், திறக்கும் பெட்டியிலும் அதையே தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்த்து நேரத்தை இழுக்கும்.

பாஸ்வேட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். 20 எழுத்துக்குக் குறைந்தால் அதுவே எச்சரிக்கும். நான் ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதினேன். ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை. ஒரு சொல்லில் 'ழ' இருந்தது, அதற்கு எந்த எழுத்தைப் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை, சொற்களுக்கு இடையில் இடைவெளி விட்டேனா என்பதும் தெரியவில்லை. வொட்ஸ்அப்பில் நாம் ஒரே சொல்லை நாளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம், இங்கே ஓர் எழுத்து மாறினாலும் திறக்காது. அதனால் ழ, ள, ண வராத, இரட்டிப்பு எழுத்து வராத சொற்களாகத் தெரிவு செய்யுங்கள். தமிழ் எழுத்திலேயே பாஸ்வேட் வைக்கலாம், ஆனால் அவசரத்துக்கு இன்னொருவர் லப்டொப்பில் தமிழ் கீபோர்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது?

மறந்தால் அவ்வளவுதான். 'பாஸ்வேட் மறந்துவிட்டதா' என்று அழுத்த ஒரு பொத்தானும் இல்லை, செய்தவர்களாலும் திறக்க முடியாது. அதனால் அதைப் பேனையால் தெளிவாக ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, அம்மாவின் அந்தப் பையிலேயே மூல உறுதியோடு வைத்தேன். பாஸ்வேட்டை எழுதி வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். வங்கிக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே எனக்கு ஏதாவது நடந்தால் அம்மாவும் அத்தானும் திறக்க வேண்டும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவரிடம் அந்தப் பை இருக்காது, பை கிடைத்தவருக்கோ மூலப் பத்திரமே கிடைத்துவிட்டது, ஸ்கான் எதற்கு?

குறைகளும் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தில் அது எல்லோருக்கும் திறந்ததுதான், வைரஸுக்கும் சேர்த்து. மூட மறப்பது சாதாரணம். செட்டிங்கில் போய், இத்தனை நிமிடம் தொடாவிட்டால் தானாக மூடவும், லப்டொப் தூங்கப் போகும்போது மூடவும் சொல்லி வைக்க வேண்டும். இதை முதல் நாளே செய்யுங்கள். பெட்டகத்துக்குள் கொப்பி பண்ணியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு, பழைய இடத்தில் இருந்த பைலையும் ரீசைக்கிள் பின்னையும் அழிக்க வேண்டும். போட்டோக்களின் சிறு உருவங்களும், அண்மையில் திறந்தவற்றின் பெயர்ப் பட்டியலும் விண்டோஸில் வெளியே தங்கும். பெயரைக்கூட யாரும் பார்க்கக் கூடாது என்பவர்களுக்கு இது முக்கியம்.

எனக்குப் பிடிக்காத ஒன்று, உள்ளே புதிதாக எதைப் போட்டாலும் பெட்டக பைலின் திகதியை மாற்றாமல் பழையபடியே வைத்திருப்பது. தொட்டதே தெரியக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் திகதியைப் பார்த்துப் பக்கப் எடுக்கும் மென்பொருள் 'ஒன்றும் மாறவில்லை' என்று தாண்டிப் போய்விடும், பழைய கொப்பியை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருப்போம். செட்டிங்கில் அந்தத் தெரிவை எடுத்துவிட்டால் சரி. பக்கப் இல்லாமல் இதைப் பாவிக்கவே வேண்டாம். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய ஊர் இது, பெட்டகம் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருப்பது பழுதாகலாம், யூபிஎஸ் இல்லாத மேசைக் கொம்பியூட்டர் என்றால் இன்னும் கவனம். என்னிடம் ஒரு கொப்பி வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, இன்னொன்று தெஹிவளையில் அண்ணா வீட்டில். பூட்டிய பைல் என்பதால் அண்ணாவின் பிள்ளைகள் அதே டிஸ்கில் படம் ஏற்றினாலும் எனக்குக் கவலை இல்லை. பழைய பென் ட்ரைவ்கள் எஃப்ஏடி32 என்ற முறையில் போர்மட் பண்ணியவையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது வெராகிரிப்ட்டின் குறை இல்லை. வீட்டில் இத்தனை பூட்டுப் போட்டுவிட்டு, அடையாள அட்டைப் பிரதி ஒன்று தேவை என்றால் சந்தியில் பிரதி எடுக்கும் கொமினிகேஷன் கடைக்கு வொட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுக்கிறோம். அது அந்தக் கடைப் போனிலும் கொம்பியூட்டரிலும் எத்தனை வருடம் இருக்கும்? நான் இப்போது பென் ட்ரைவில் தேவையான ஒரு பக்கத்தை மட்டும் கொண்டுபோகிறேன், பிரின்ட் எடுத்தவுடன் டெஸ்க்டொப்பில் கொப்பி இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்து அழிக்கச் சொல்கிறேன். முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள்.

இணையத்தில் கூகுள் ட்ரைவிலோ வன்ட்ரைவிலோ வைக்க விரும்புகிறவர்களுக்கு நான் கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருளைச் சொல்வேன். அது ஒவ்வொரு பைலையும் தனித்தனியாகப் பூட்டுவதால் ஒரு பக்கம் மாறினால் அது மட்டும்தான் ஏறும். முழுப் பெட்டகத்தையும் திரும்பத் திரும்ப ஏற்றி டேட்டாவைக் கரைக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 71 வயது. மூன்று தடவை காட்டிக் கொடுத்தேன், நான்காவது தடவை தானே கவரை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் திறந்து, உறுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார். தங்கச்சிக்கும் ஒரு கொப்பி அனுப்ப வேண்டும். அவளிடம் இருப்பது மேக், அதில் வெராகிரிப்ட் வேலை செய்ய முதலில் மேக்ஃபியூஸ் என்று ஒரு துணை மென்பொருளைப் போட வேண்டும், வருகிற ஞாயிறு வீடியோ கோலில் இருந்து இருவருமாகச் செய்யப் போகிறோம்.