எஸ்சிடலோபிராம் 10 மி.கி.: மாத்திரைக்கு நாலு நட்சத்திரம், கொடுத்த விதத்துக்கு ஒன்று

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை இது. பலன் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் எப்படிப் போகும் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

பதற்றம் குறையட்டும் என்று போட்டால் முதலில் பதற்றம்தான் ஏறியது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும், கால் ஓரிடத்தில் நிற்காது. காலையில் குமட்டல், ராத்திரி தூக்கம் வராது, பகலெல்லாம் கொட்டாவி, பால் பாக்கெட் வாங்கிச் சில்லறை எண்ணும்போது காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர். "ஒத்துக்கலைன்னா நிறுத்திடேன்" என்றார் அம்மா. நிறையப் பேர் நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

மாத்திரை செரட்டோனினில் (மனநிலையோடு தொடர்புள்ள மூளை ரசாயனம்) கை வைப்பது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும், ஆனால் மூளை அதற்குப் பழகி மனசு தேற 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். தொல்லை முன்னால் வரும், பலன் பின்னால் வரும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும், மருத்துவரோ "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார்கள், காலாவதி தேதி அவர்கள் பக்கத்துத் துண்டிலேயே நின்றுவிட்டது. விவரச் சீட்டா, அதெல்லாம் கிடையாது.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறுவர், பதின்வயதினருக்குக் மருந்து விவரச் சீட்டில் கட்டம் போட்டு எச்சரித்தது, 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. அதனால் மாத்திரை தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அந்த எண்ணம் வந்தாலோ, தாங்க முடியாத தவிப்பு இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் அரசின் இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். தூக்கமே இல்லாமல் திடீர் உற்சாகம், நிற்காத பேச்சு, கண்டபடி செலவு என்று போனாலும் சொல்லியாக வேண்டும், அது இருதுருவக் கோளாறின் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) அறிகுறியாக இருக்கலாம்.

என் விஷயத்தில் போன் செய்து கேட்டதும் மருத்துவர் கொஞ்ச நாளைக்கு 5 மி.கி. ஆக்கி, ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். தூக்கம் வந்தது, குமட்டலும் போனது, பதற்றம் மெல்ல இறங்கியது. அவ்வளவு எளிதான மாற்றம், முதல் நாளே சொல்லியிருக்கலாம்!

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், சந்தோஷமும் கொஞ்சம் மங்கித்தான் போகிறது, அப்புறம் தாம்பத்திய ஆர்வமும். இரண்டுமே பலருக்கு வருவதுதான், கூச்சப்படாமல் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு எல்லாம் வரலாம். இதே மருந்து அரசுத் திட்டத்தின் ஜன் ஔஷதி கடையில் விலை குறைவு, மருத்துவர் சீட்டு எடுத்துப் போங்கள், முழு அட்டையாகவே கேளுங்கள்.