மூக்கு லாரிக்குச் சாமான்: பெட்டியா, லோக்கலா, காயலான் கடையா, லேத்துப் பட்டறையா?

எங்கள் அரிசி மில் வாசலில் நிற்கும் டாடா 1210-ஐ அப்பா வாங்கியபோது நான் பிறக்கவில்லை. இன்ஜின் டிரைவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு வைத்த பழைய வண்டி. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: முதலில் வரும் 12 மொத்த எடை டன்னில், பின்னால் வரும் 10 என்பது நூறு குதிரைத்திறன். தை, மாசியில் சம்பா நெல், அப்புறம் வேதாரண்யத்திலிருந்து உப்பு. திருத்துறைப்பூண்டியைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் அதன் உலகம் முடிந்துவிடும்.

"தள்ளிவிட்டுப் புதுசு எடுங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. மாதத் தவணை கட்டும் அளவுக்கு எங்களுக்கு ஓட்டம் இல்லை என்பதை விளக்கி விளக்கிச் சலித்துவிட்டது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்ததே, இன்னும் கொஞ்ச வருடத்தில் அதில் சேர்த்துவிடலாமே என்றார் ஒருவர். அது இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். சுமை வண்டிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. வருடா வருடம் எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போய் நின்றாக வேண்டும்.

ஆக, சாமான், அதாவது உதிரி பாகம், தேடுவது எனக்கு இரண்டாவது தொழில். வழி நான்கு. சீல் வைத்த பெட்டியில் வரும் புதுச் சாமான், ‘லோக்கல்’ என்கிற பேர் தெரியாத மலிவுச் சாமான், காயலான் கடை, லேத்துப் பட்டறை. இதில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கடைக்குப் போகுமுன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஓடும்போது இது போனால் வண்டி கிளம்பாமல் நிற்குமா, நிற்காமல் போகுமா? கிளம்பாமல் நின்றால் ஒரு நாள் கூலி நஷ்டம். நிற்காமல் போனால் கதையே வேறு.

பெட்டிச் சாமான்

இதில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. டாடா ஜெனுயின் பார்ட்ஸ், அசோக் லேலண்டின் லேபார்ட்ஸ் என்று லாரிக் கம்பெனி தன் பெயரில் விற்பது ஒன்று. ஆனால் லாரிக் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பிரேக் சாமானுக்கு பிரேக்ஸ் இந்தியா, செல்ஃப் மோட்டாருக்கு லூகாஸ் டிவிஎஸ், பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், டீசல் பம்புக்கு மைக்கோ என்று செய்கிற கம்பெனிகள் தனியாக இருக்கின்றன. அவை தங்கள் சொந்தப் பெட்டியிலும் கடைக்கு அனுப்பும். மைக்கோ 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டாலும், டீசல் பம்ப் பழுது பார்க்கும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் மைக்கோதான்.

என் அனுபவத்தில் பழைய வண்டிக்கு இரண்டாவது பெட்டிதான் கைகொடுக்கிறது. லாரிக் கம்பெனியின் கவுன்டரில் பையன் கணினியில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். சாமானைச் செய்தவனின் பெட்டியோ ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கும்.

எங்கள் வண்டியில் இருப்பது 692 இன்ஜின். ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்); அதனால் 692. அதற்குப் பின்னால் வந்த 697-க்கு 97 மில்லிமீட்டர். 697 லாரியிலும் பஸ்ஸிலும் பல வருடம் ஓடித் தள்ளியதால் அதன் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். 692 என்று நாம் சொல்வதைக் கடைக்காரர் காதில் 697 ஆக்கிக்கொள்வார். ஒருமுறை ஒரு செட் பிஸ்டன் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பட்டறையில் பிரித்தால் 97. மேஸ்திரி கேஜ்கூட வைக்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உங்க வீட்டு மாப்பிள்ளை இல்லே" என்றார். அன்றிலிருந்து பழைய சாமானைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். நம்பர் பொய் சொன்னாலும் சாம்பிள் சொல்லாது.

பெட்டி மட்டுமே வாங்க வேண்டியவை: பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் பால் ஜாயிண்ட், ஹப் பேரிங், ஆயில் சீல். இதில் பேரம் வேண்டாம். ரப்பரில் இன்னொன்று: பழைய மாடல் சாமான் பத்து வருடம் அலமாரியில் தூங்கியிருக்கலாம். தயாரித்த தேதியைப் பார்க்காமல் வாங்கினால், ஒரிஜினல் பெட்டிக்குள்ளேயே விறைத்துப்போன ரப்பர்தான் கிடைக்கும்.

லேலண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் லேலண்டின் பழைய கோமெட் லாரி வைத்திருக்கிறார். அவர் தேடலும் என் தேடலும் ஒன்றில்லை. டாடா 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் கூட்டு வைத்திருந்த கம்பெனி. அதன் போல்ட்டும் நட்டும் மில்லிமீட்டர் கணக்கு. லேலண்டு 1955 முதல் இங்கிலாந்துக் கூட்டு. பழைய கோமெட் இஞ்சுக் கணக்கு. என் ஸ்பேனர் பெட்டி அவர் வண்டிக்கு உதவாது. இன்ஜினின் தேய்ந்த கிராங்கைச் சாணை பிடித்தால், மெலிந்த அளவுக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் எனக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர், அவருக்குப் பத்து, இருபது ‘தவ்’ (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

ஆனால் அவருக்கு ஒரு யோகம் உண்டு. கும்பகோணத்தில் 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து டெல்டாவில் அரசு பஸ் என்றாலே பெரும்பாலும் லேலண்டு. கழித்த பஸ்கள் ஏலத்துக்கு வரும். எங்கள் பக்கத்து மேஸ்திரிகளின் கை லேலண்டில் பழகிய கை. என்ன, 1980-களில் லேலண்டு ஜப்பானின் ஹினோவோடு சேர்ந்த பிறகு வந்த இன்ஜின் சாமான் கோமெட்டின் பழைய இன்ஜினுக்குச் சேராது. "லேலண்டுதானே, பொருந்தும்" என்று சொல்லும் கடையில் அவர் உட்காருவதே இல்லை.

லோக்கல்

இதை மொத்தமாகத் திட்டுவது அநியாயம். கண்ணாடி, மட்கார்டு, லைட் கூண்டு, கதவுப் பிடி, சைலன்சர், டீசல் டேங்க் இதெல்லாம் லோக்கலே போதும். உப்பு ஏற்றுகிற வண்டியில் எந்தத் தகடும் நீண்ட நாள் இருக்கப்போவதில்லை. அதற்குப் போய் கம்பெனி விலை கொடுப்பானேன்.

வினை வருவது லோக்கல் தன்னை ஒரிஜினல் என்று சொல்லிக்கொள்ளும்போது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் பின் ஹப்புக்கு ஆயில் சீல் வாங்கினேன். பெட்டி அச்சு அசல். விலை மட்டும் கொஞ்சம் குறைவு, அதை நான் பாக்கியம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம், இருநூறு மூட்டை நெல், மூட்டைக்கு 40 கிலோ, முள்ளியாற்றுப் பாலத்தில் இறங்கும்போது டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. எதிரே டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், சைக்கிளில். எப்படியோ நிறுத்திவிட்டார். சக்கரத்தைக் கழற்றினால் இடப்பக்க டிரம்முக்குள் கியர் ஆயில் வழிந்து லைனிங் முழுக்க ஊறிக் கிடக்கிறது. சீலைக் கையில் எடுத்தேன். உதட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்பிரிங் வளையம் தளர்ந்து, விரலால் தொட்டதுமே கழன்று விழுந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க கேட்ட விலைக்கு இதான் வரும்" என்றார். நான் விலையே கேட்கவில்லை, அவர்தான் சொன்னார். சரி, அதை விடுவோம்.

இப்போது பார்ப்பது இதுதான்: பெட்டியில் இருக்கும் நம்பர் சாமான் மேலும் இருக்கிறதா, அச்சு கலங்காமல் இருக்கிறதா, பில் போட்டுக் கொடுப்பாரா. பில் என்றதும் முகம் மாறினால் கிளம்பிவிடுவேன்.

காயலான் கடை

இங்கேதான் என் கட்சி கொஞ்சம் வித்தியாசம். கனமான வார்ப்பு இரும்புக்கு நான் புது லோக்கலைவிடப் பழைய ஒரிஜினலைத்தான் நம்புவேன். கியர் பெட்டி ஹவுசிங், ஆக்சில் ஹவுசிங், ஹப், பிரேக் டிரம், ஃப்ளைவீல் இதெல்லாம் நாற்பது வருடம் சுமை தாங்கிக் காட்டிய இரும்பு. உடைவதாக இருந்தால் எப்போதோ உடைந்திருக்கும்.

ஆனால் எங்கே வாங்குகிறோம் என்பது முக்கியம். எங்கள் கடலோரத்துக் காயலான் கடை பக்கமே நான் போவதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் ஓட்டத்தில் தேய்ந்த வண்டிகளில் உப்பு எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியாது. ஒரு போல்ட்டைத் திருகினால் போல்ட்டோடு அது மாட்டியிருக்கும் காதும் சேர்ந்து பெயரும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் உடைக்கிற லாரிகள் வறண்ட ஊரில் வாழ்ந்தவை. நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியவை என்பதால் அவற்றின் இன்ஜின் உள்சாமான் எனக்கு வேண்டாம். ஆனால் ஹவுசிங்கும் சேஸிஸ் பிராக்கெட்டும் துருவே இல்லாமல் இருக்கும். எங்கள் வண்டி நேர் எதிர். இங்கே மலை கிடையாது, மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். இன்ஜின் சுகவாசி. சேற்றில் ரிவர்ஸ் எடுத்தே கிளட்சும், சேற்றுத் தண்ணீரில் டிரம்மும், உப்பில் மற்றதெல்லாமும் போகும். அவர்களிடம் நல்லதாக மிஞ்சுவதுதான் எங்களிடம் முதலில் போவது. வண்டி வாடகை கொடுத்தாலும் கட்டுபடியாகிறது. சென்னை புதுப்பேட்டையும் பார்த்தாயிற்று. சின்னச் சாமானுக்குச் சரி, கனத்த சாமானை ஊருக்குக் கொண்டுவருவதற்குள் விலை ஏறிவிடுகிறது.

பின் ஆக்சிலைச் சுழற்றும் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் எடுத்தால் ஜோடியாகவே எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று உரசிச் சேர்த்த பல். ஒரே ஜோடி எண் இரண்டிலும் பொறித்திருக்கும். ஒன்று இந்த வண்டியில், இன்னொன்று அந்த வண்டியில் என்று சேர்த்தால் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே ஊளையிடும். முழு இன்ஜின் எடுப்பதாக இருந்தால் யார் வண்டி, என்ன நம்பர் என்ற பில் இல்லாமல் தொடாதீர்கள். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற வேண்டும். இல்லையென்றால் அடுத்த எப்.சி.யில் மாட்டிக்கொள்வோம்.

லேத்துப் பட்டறை

நான்கிலும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்றே வாய்த்தது இது. முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்பது கிங்பின்; அதைச் சுற்றி இருக்கும் குழல்தான் புஷ். அந்தப் புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் கிடைக்கவில்லை, காயலானில் தேய்ந்தது கிடைக்கும், லோக்கல் இரண்டு மாதம் தாங்கும். கும்பகோணம் பாத்திரம் வார்க்கும் ஊர், பக்கத்திலேயே நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. உலையும் மணலும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. புஷ்ஷைக் கன்மெட்டலில் வார்த்து வாங்கி, லேத்தில் கடைந்துகொள்ளலாம்.

அதே ஊரின் ஆபத்தும் அதேதான். உருக்குவதற்குப் பழைய பித்தளைப் பாத்திரம் எப்போதும் கையருகே கிடக்கும். நல்ல கன்மெட்டல் என்றால் செம்பு 88 பங்கு, தகரம் 10, துத்தநாகம் 2. பித்தளையில் தகரத்தின் இடத்தைத் துத்தநாகம் பிடித்துக்கொள்ளும். கிங்பின்னின் சுமைக்கு அது சீக்கிரம் தேயும். கடைந்த புது முகத்தைப் பார்த்தால் தெரியும்: கன்மெட்டல் கொஞ்சம் சிவந்து நிற்கும், பித்தளை மஞ்சளாய் மினுக்கும். எங்கள் மேஸ்திரி இதைச் சொல்லிக் கொடுத்தபோது அவர் கையில் இருந்தது நான் காசு கொடுத்து வாங்கிவந்த மஞ்சள் புஷ்.

இரண்டாவது முறை சரியாக வார்த்து வந்தது. மேலும் கீழும் புஷ்ஷை இறக்கி, துளையைச் சீராக்க ஒரே நேராக ரீமர் ஓட்டினார். கிங்பின்னைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, புஷ்ஷின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மெதுவாக இறங்கியது. தட்டித்தான் இறங்கும் என்றால் இறுக்கம், விட்டதும் விழுந்தால் தளர்வு. அவர் மூன்று தடவை ரீமரை எடுத்து எடுத்துப் பார்த்தார். நான் இரண்டு டீ குடித்தேன்.

புஷ்ஷைச் செய்யலாம், பின்னைச் செய்யக் கூடாது. கிங்பின் மேல்தோல் கெட்டிப்படுத்திய எஃகு. அரத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அரம் கடித்தால் அது வெறும் இரும்புக் கம்பி, அதை எவ்வளவு பளபளப்பாகக் கடைந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உடைந்த ஸ்டீயரிங் ஆர்முக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிற பட்டறைக்கும் இதே பதில்தான்.

இப்போது பின் டிரம் ஒன்று போய்விட்டது. இனிமேல் கடைய இடமில்லை, கடைந்து கடைந்து மெலிந்துவிட்டது. சங்ககிரியில் ஒரு 1210 உடைக்கிறார்களாம், கூத்தாநல்லூர் பாய் போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். சாம்பிளுக்குப் பழைய டிரம்மைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலைக் கொண்டுவந்து சாக்குக்குள் போட்டார். "தரையிலே வச்சுத் தட்டாதீங்க தம்பி, கயித்துல தொங்க விட்டுத் தட்டுங்க. கோயில் மணி மாதிரி நின்னு கேக்கணும். ‘டொக்’குன்னா உள்ளே கீறல். அப்படின்னா வெறுங்கையோட வந்துடுங்க, சுத்தியை மட்டும் மறந்துடாதீங்க."