சிறுநீர்க் கசிவு: பயிற்சியா, மாத்திரையா, ஆபரேஷனா? எது யாருக்குச் சரி

இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் இரண்டு சொட்டு கசிந்துவிடுகிறது என்று தோழியிடம் சொல்லும் பெண்கள்கூட அதை டாக்டரிடம் சொல்வதில்லை. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, வயசும் ஆச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. அப்புறம் பேட் வைத்துக்கொள்வது, வெளியூர்க் கல்யாணத்தைத் தவிர்ப்பது, பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. இதெல்லாம் மறைத்து வைப்பதுதான், சிகிச்சை இல்லை. உண்மையான சிகிச்சைகள் பல இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வகைக் கசிவு என்று தெரியாமல் மாத்திரை வாங்கக் கூடாது, பெரும்பாலான பெண்கள் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வகை என்றால் என்ன? இருமல், சிரிப்பு, பாரம் தூக்குவது என வயிற்றில் அழுத்தம் விழும் நேரத்தில் மட்டும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் பிரசவத்தாலோ, உடல் எடையாலோ, வயதாலோ தளர்ந்திருக்கும். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது, குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டாலே அடக்க முடியவில்லை, ராத்திரியில் நாலு முறை எழ வேண்டியிருக்கிறது என்றால் அது அவசரக் கசிவு. பை நிறைவதற்கு முன்பே அதன் தசை சுருங்கிவிடுகிறது. இரண்டும் கலந்தும் வரும். காரணங்கள் வேறு, அதனால் சிகிச்சையும் வேறு.

இதைக் கண்டுபிடிக்க முதல் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், பக்கத்துத் தெரு டாக்டர் போதும். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித் தொற்று இருக்கிறதா என்றும், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், இது ரொம்ப முக்கியம். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும், இருமல் கசிவைக் கூட்டும். மாத்திரையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின் வகையும், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் பாத்ரூம் போவதை அதிகமாக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள். போவதற்கு முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று எழுதிக்கொண்டு போனால், பல ஸ்கேன் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். இடுப்புத்தளப் பயிற்சியை 1948-ல் எழுதிப் பரப்பியவர் அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர், அதனால்தான் கெகல் பயிற்சி என்கிறார்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, சில விநாடி வைத்து, முழுக்கத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம்; பிரிட்டன் வழிகாட்டுதல் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பில், அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம்தான். பக்கவிளைவு கிட்டத்தட்ட இல்லை, செலவும் இல்லை. ஆனால் பலர் தப்பாகச் செய்கிறார்கள். மூச்சைப் பிடித்து, தொடையை இறுக்கி, மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள், அது கெடுதல். ஒருமுறையாவது இதில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்டிடமோ லேடி டாக்டரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் பகுதிக்கு வருபவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

அவசரக் கசிவுக்கு இதோடு சிறுநீர்ப்பையைப் பழக்கும் பயிற்சியும் சேர வேண்டும். மணிக்கு ஒருமுறை போகிறவர் என்றால் ஒண்ணேகால் மணி, அப்புறம் ஒன்றரை மணி என்று இடைவெளியை மெல்ல நீட்ட வேண்டும். முட்டும்போது ஓடாமல் உட்கார்ந்து, தசையை ஐந்தாறு முறை இறுக்கித் தளர்த்தினால் அந்த வேகம் தணியும், பிறகு நிதானமாக நடந்து போகலாம். 6 வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். காபி, டீயைக் குறைக்கலாம், தண்ணீரைக் குறைக்கவே கூடாது. சிறுநீர் கெட்டியானால் பை இன்னும் எரிச்சலாகும், மலச்சிக்கல் வேறு வரும். எடை அதிகமுள்ளவர்களுக்கு, அமெரிக்காவில் 2009-ல் வந்த ஓர் ஆய்வில் உடல் எடையில் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நான் இங்கே சொல்லும் மாத்திரைகள் அவசரக் கசிவுக்குத்தான் உதவும், இருமும்போது கசிவதற்கு இவை பயன்படாது. பழைய வகை ஆக்ஸிபுடினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின்: பைத் தசையை அடக்கும், கூடவே வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும். வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம், குறிப்பாக ஆக்ஸிபுடினினில், எழுபது தாண்டிய அம்மாவுக்கு நான் அதைக் கேட்டு வாங்கவே மாட்டேன். சில வகை கண் அழுத்த நோய் இருந்தாலும் ஆகாது. புதிய வகை மிராபெக்ரான் வாயை உலர்த்துவது குறைவு, விலை கூடுதல், பிரஷரை ஏற்றக்கூடும். கட்டுக்குள் வராத கடும் பிரஷர் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. எதுவானாலும் பலன் தெரிய ஒரு மாதம் ஆகும், ஒரு வாரத்தில் விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் அவசரத்தைக் குறைக்கும், டாக்டர்கள் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் ஒரு நாடா வைத்துத் தாங்குவது, அழுத்தக் கசிவுக்கு. 1990-களில் ஸ்வீடனில் உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்த முறை. நெதர்லாந்தில் 460 பெண்களிடம் பயிற்சியையும் நாடாவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2013-ல் ஒரு முடிவு வந்தது: ஒரு வருடத்தில் ஆபரேஷன் பிரிவில் 91 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், பயிற்சிப் பிரிவில் 64. பயிற்சியில் ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கு மாறினார்கள். மிதமானது முதல் கடுமையான கசிவு உள்ளவர்களிடம் செய்த ஆய்வு இது. கடுமையாக இருந்தால் ஆபரேஷன் ஜெயிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆய்வை நான் இப்படியும் படிக்கிறேன்: மற்றப் பாதிக்குக் கத்தியே தேவைப்படவில்லை. அந்த நாடா செயற்கை இழையால் ஆனது, சிலருக்கு உள்ளே அரித்து, வலி நிற்காமல் போய், எடுப்பதும் கஷ்டமாகிவிடுகிறது. பிரிட்டன் 2018-ல் இதை நிறுத்திவைத்தது இதனால்தான். நம் உடம்புத் திசுவையே எடுத்து வைக்கும் முறையும் உண்டு, டாக்டரிடம் அதையும் கேளுங்கள். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது நல்லது.

அவசரக் கசிவு மாத்திரைக்கும் அடங்காதவர்களுக்குச் சிறுநீர்ப்பைக்குள் போடும், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. பல மாதம் நிம்மதி, பிறகு திரும்பப் போட வேண்டும். சிலருக்குச் சிறுநீர் முழுசாக இறங்காமல் கொஞ்ச காலம் தானே டியூப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாரா என்று யோசித்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

யாரிடம் போவது? தொடக்கத்துக்குக் குடும்ப டாக்டர். கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் மகப்பேறு மருத்துவர். மூன்று மாதப் பயிற்சியும் மாத்திரையும் பலிக்காவிட்டால், அல்லது ஆபரேஷன் என்ற பேச்சு வந்தால் சிறுநீர்ப்பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி டாக்டர். ஆனால் சிறுநீரில் ரத்தம், இருபத்துநாலு மணி நேரமும் நிற்காத ஒழுகல், திடீரென்று காலில் பலவீனத்தோடு வரும் கசிவு, அடிவயிறு உப்பியும் சிறுநீர் வராத நிலை, இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.