கோலகங்சார் ஆற்றோர நடைபாதை: வெயிலுக்கு முன் போங்க

மலேசியாவின் கோலகங்சார் ஊரில், பேராக் ஆற்றை ஒட்டி, டவுன் பக்கம் கல் பதித்துப் போட்டிருக்கும் இந்த நடைபாதை மூட்டுவலிக்காரர்களுக்கும் தள்ளுவண்டியில் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் நல்ல இடம். தரை மட்டமாக இருக்கிறது, மேடு ஏற வேண்டியதில்லை, ஆற்றுக் காற்று சும்மாவே கிடைக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்து நீளமான ஆறு இதுதான், அதனால் மழைக்குப் பிறகு தண்ணீர் சிவந்து, மரக்கட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் வரலாம்.

குறை என்றால் நிழல். பத்து மணிக்கு மேல் கல்லு கொதிக்கிறது, தொப்பி போட்டும் பிரயோஜனம் இல்லை. சில இடத்தில் கல் பெயர்ந்து கிடக்கிறது, இருட்டிய பிறகு கவனமாக நடங்க.

நடந்து முடித்ததும் ஆற்றோரக் கடைகளில் லக்சா (மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ்), செண்டோல் (தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ் இனிப்பு). லக்சா இங்கே பினாங்கு மாதிரி கெட்டியாக இருக்காது, குழம்பு தண்ணியாக, மீன் வாசனையோடு வரும். எனக்கு இதுதான் பிடிக்கும், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அப்புறம், மாவட்ட அலுவலகம் பக்கம் இருக்கும் பழைய ரப்பர் மரத்தையும் எட்டிப் பாருங்க. 1877இல் இந்த ஊரில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆற்றைவிட அந்த மரம்தான் முக்கியம் என்பேன்.

ஐந்துக்கு நான்கு. நிழல் போட்டால் மீதி ஒன்றையும் தருகிறேன்.