640 டாலர் போச்சு! புல்வெட்டும் வண்டிக்கு மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடும் முன் படியுங்கள்

கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை, கோபமும் போகவில்லை. ஜார்ஜியாவில் முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர் என்று ஆசைப்பட்டு வீடு வாங்கிவிட்டு, என்னைப்போல் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டி இரட்டை சிலிண்டர். குளிர்காலம் முழுக்க கராஜில் சும்மா நின்றது. இப்போது சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகமாட்டேன் என்கிறது. புதுப் பெட்ரோல் ஊற்றினேன், பிளக் இரண்டையும் மாற்றினேன், ம்ஹூம். சர்வீஸ் கடையில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பெர்முடா புல் மூன்று வாரம் காத்திருக்குமா? குடியிருப்புச் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதமே வந்துவிட்டது. சரி என்று, அக்கம்பக்கத்தார் பழைய சாமான் விற்கும் ஓர் ஆப்பில் விளம்பரம் போட்டிருந்த, வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன்.

வந்தார். பேட்டரியில் மீட்டரை வைத்தார். "பேட்டரி நன்றாக இருக்கிறது, அதை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்" என்றார். நான் விழுந்தது இங்கேதான். 60 டாலரை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறவர் 640 டாலருக்கு அடி போடுவார் என்று யாருக்குத் தோன்றும்? பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் வைத்துச் சுற்றிக் காட்டினார். பொறியே இல்லை. இன்னொன்றிலும் இல்லை. "இரண்டு இக்னிஷன் காயிலும் போய்விட்டது" என்றார். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கம்பிச்சுருள்தான் காயில், சிலிண்டருக்கு ஒன்று. மேல் மூடியைக் கழற்றியபோது, ஊரில் சித்தப்பாவுக்கு அனுப்பலாம் என்று ஒரு படம் எடுத்தேன். எனக்கு இருந்த ஒரே புத்தி அதுதான்.

காயில் இரண்டு 380, கூலி 260. நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் வேலை முடிந்தது, வண்டியும் ஸ்டார்ட் ஆனது. பழைய காயில் எங்கே என்றேன். கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். தலையாட்டினேன். "நண்பருக்கு அனுப்பு" என்ற வகையில் போனிலேயே 640 டாலரை அனுப்பியும் விட்டேன். கார்டு வாங்குவதில்லை என்றாரே!

அடுத்த சனிக்கிழமை பாதிப் புல்லில் வண்டி நின்றது. மறுபடி அதே கதை. போன் செய்தால் "வேலையில் இருக்கிறேன்". மறுநாள் "இது வேறு பிரச்சினை, வந்து பார்க்கவே 95 டாலர்". அப்புறம் "காயிலுக்குத்தான் உத்தரவாதம், ஒயருக்கு இல்லை". மூன்றாம் நாள் என் எண்ணையே தடுத்துவிட்டான். (இனி என்ன அவர், அவன்தான்.) ஆப்காரர்கள் "நாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே" என்றார்கள். வங்கியில் "நீங்களாக அனுப்பிய பணம்தானே".

கடைசியில் சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். திண்டுக்கல்லில் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப், மருந்தடிக்கிற மெஷின் முதல் பவர் டில்லர் வரை பார்ப்பவர். "ஏண்டா, ரெண்டு காயிலும் சொல்லிவச்ச மாதிரி ஒரே நாள்லயா சாகும்? ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது அந்த ஆஃப் ஒயர். சாவியை ஆஃப் பண்ணா அது இன்ஜின் இரும்போட சேர்ந்து, அதாவது எர்த் ஆகி, பொறியை நிறுத்தும். அது எங்கயோ எர்த் ஆகுது. முதல்ல அதைக் கழட்டிட்டு கரண்ட் வருதான்னு பாரு."

மூடியைத் திறந்தேன். ஓரத்தில் எலிக்கூடு. பக்கத்தில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயர், தோல் கடிபட்டு, செம்பு வெளியே தெரிய, இன்ஜின் இரும்பில் சாய்ந்துகொண்டிருந்தது. அதைக் காயிலிலிருந்து உருவிவிட்டுச் சுற்றினால் இரண்டு பிளக்கிலும் பளிச்சென்று நீலப் பொறி! அன்றைக்கு மூடியைக் கழற்றி மாட்டியதில் ஒயர் கொஞ்சம் நகர்ந்து வண்டி ஓடியிருக்கிறது, புல்லில் குலுங்கியதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அதோடு போகவில்லை. பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டேன். காயில் மேல் அதே எண், அதே மூலையில் அதே துருக்கறை. மாற்றவே இல்லை, துடைத்து வைத்திருக்கிறான்! ஒரு முழம் இன்சுலேஷன் டேப் வேலைக்கு 640 டாலர்.

விவரமாக ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பொறி வரவில்லை என்றால் முதலில் அந்த ஆஃப் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பொறி வந்தால் காயில் நல்லது. கோளாறு ஒயரிலோ, சாவியிலோ, சீட்டுக்கு அடியில், பிரேக்கில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சிலோதான். சோதிக்க மட்டும்தான் கழற்றலாம். அப்படியே ஓட்டினால் சீட்டை விட்டு எழுந்தாலும் இன்ஜின் நிற்காது, பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். கார்டு வாங்காத ஆள் வேண்டவே வேண்டாம்.

ஒயரில் டேப் சுற்றிவிட்டேன். இருட்டுவதற்குள் மீதிப் பாதியை வெட்டியாக வேண்டும், திங்கட்கிழமை சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள்.