மதுரை செல்லூர் மளிகைக்கடையில் ஆறு வருடம்: பில் மிஷின், தராசு, சவுண்ட்பாக்ஸ்

போன ஆடியில் கடை ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருட வாரண்டி என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். பில் இருந்தால் போதும் என்றார்கள். பில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஃபைலில் கோத்து பீரோவில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் விற்ற கடையின் பெயர் மட்டும் நிழல் மாதிரி தெரிந்தது. தேதி இல்லை, தொகை இல்லை, சீரியல் நம்பர் இல்லை.

தெர்மல் பில்லில் மை என்று ஒன்று கிடையாது. தாளின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கிறது, சூடு பட்ட இடம் கறுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கறுப்பு வெயிலில் போகும், எண்ணெய் பட்டால் போகும், பிளாஸ்டிக் கவரில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்தாலும் போகும். பத்திரப்படுத்துகிறேன் என்று நான் செய்த காரியமே பில்லைச் சீக்கிரம் அழித்திருக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்து மற்ற ஃபைல்களையும் புரட்டினேன். கீழமாசி வீதியில் சரக்கு எடுத்த பில்களில் பாதி வெளுத்துப் போயிருந்தன. ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் அந்த வருட ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு வருடம். தாளை நம்பினால் ஆறு வருடம் தாங்காது.

இப்போது எந்தத் தெர்மல் பில் கைக்கு வந்தாலும் சரக்கை இறக்குவதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுகிறேன். போனில் மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். அது போக, ஃப்ரிட்ஜ், பேட்டரி, தராசு மாதிரி வாரண்டி உள்ள சாமான்களுக்கு ஏ4 தாளில் ஜெராக்ஸ். இரண்டு ரூபாய்ச் செலவு.

கடை செல்லூரில் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. 2019 தீபாவளிக்கு முன்னால் நான் பொறுப்பெடுத்தபோது கடையில் இருந்த மின்சாதனங்கள் ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு எலக்ட்ரானிக் தராசு, ஒரு கால்குலேட்டர். அதற்குப் பிறகு நான் வாங்கியவற்றில் எது நின்றது, எதைத் தூக்கிப் போட்டேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு கருவியை வாங்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றாகிவிட்டது: இது வந்த பிறகு கடைக் கணக்கு என் கையில் இருக்குமா, வேறு யார் கைக்காவது போய்விடுமா?

முதலில் பில் மிஷின். டவுன்ஹால் ரோட்டில் இரண்டு அங்குலப் பிரிண்டர் ஒன்று வாங்கினேன், போனோடு புளூடூத்தில் சேர்ந்துகொள்ளும் வகை. முதல் மாதம் சரக்குப் பெயர்களை ஆங்கிலத்தில் சுருக்கி அடித்தேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் தறி வேலைக்காரக் குடும்பங்கள் நிறைய. ஒரு அக்கா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல துவரம்பருப்பு எது தம்பி, கடலப்பருப்பு எது?" என்று கேட்டார். விலையைச் சரிபார்க்க முடியாத பில்லை வாங்கி அவர் என்ன செய்வார்? அன்றைக்கே தமிழுக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

அங்கேதான் சிக்கல். விலை குறைந்த தெர்மல் பிரிண்டர்களுக்குள் ஆங்கில எழுத்து இருக்கும், தமிழ் எழுத்து இருக்காது. தமிழ்ப் பில்லைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். படமாகப் போவதால் வேகம் குறையும். இரண்டு அங்குலத் தாளில் ஒரு வரிக்கு 384 புள்ளிதான். அதற்குள் பெயர், அளவு, விலை, தொகை நான்கையும் அடைத்தால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்று போலத் தெரியும். மூன்று வருடம் அதோடு ஓட்டிவிட்டு மூன்று அங்குலத்துக்கு மாறினேன். இன்றைக்குப் புதிதாகக் கடை போடுகிறவர்களுக்குச் சொல்வேன்: தமிழில் பில் கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே மூன்று அங்குலம் வாங்கிவிடுங்கள், உங்கள் சரக்குப் பட்டியலில் இருக்கிற நீளமான பெயரை அந்தக் கடையிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், மாவு பறக்கிற கடை என்றால் பிரிண்டரின் சூடேறும் பட்டையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். பில்லின் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தால் பெரும்பாலும் அழுக்குதான், ரிப்பேர் இல்லை.

பில் போடும் ஆப் விஷயத்தில்தான் நிஜமாகவே அடி வாங்கினேன். முதல் வருடம் இலவசம், அப்புறம் வருடச் சந்தா. இரண்டு முறை கட்டினேன். மூன்றாம் முறை சந்தாவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். சரி, பார்த்துக் கட்டலாம் என்று பத்து நாள் தள்ளினேன். பதினோராம் நாள் காலையில் கடையைத் திறந்தால் ஆப் திறக்கிறது, ஆனால் பழைய பில் எதுவும் திறக்கவில்லை. வாடிக்கையாளர் பற்றுப் பட்டியலும் திறக்கவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்று எனக்கே தெரியாது. சரக்கு என்னுடையது, கடன் கொடுத்தது நான், கணக்கு மட்டும் அவர்களுடைய பூட்டுக்குள். கேட்ட பணத்தைக் கட்டித்தான் திறந்தேன்.

அன்றைக்கு ராத்திரியே எல்லாக் கணக்கையும் எக்செல் ஃபைலாக இறக்கிக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டரிலேயே கணக்கு இருக்கும் சாஃப்ட்வேருக்கு மாறினேன். நெட் இல்லாவிட்டாலும் ஓடும், சந்தா முடிந்தாலும் பழைய பில் திறக்கும். மாதம் 1ஆம் தேதி கடையைத் திறந்ததும் முதல் வேலை பேக்கப். ஒரு பென்டிரைவ் வீட்டில், ஒரு பிரதி கூகுள் டிரைவில். பேக்கப் எடுப்பதோடு விடாமல் அதை வேறு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நான் எடுத்த முதல் இரண்டு பேக்கப்பும் திறக்கவில்லை. தேவைப்படாத நாளில் அது தெரிந்தது என் அதிர்ஷ்டம்.

அதே பழைய ஆப்பில் இன்னொரு வசதி இருந்தது. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மாதக் கடைசியில் தானாகவே மெசேஜ் போகும். வாங்கின புதிதில் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பாக்கி கேட்பது சங்கடமான வேலை, மிஷினே கேட்டுவிடுகிறதே என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் ஒரு ஆத்தா. அப்பா காலத்திலிருந்து பற்று நோட்டு வைத்து வாங்குகிறவர். அவரிடம் போன் கிடையாது, கணக்கில் மகனுடைய நம்பரைக் கொடுத்திருந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஆப் நேராக அந்த மகனுக்கு 1,840 ரூபாய் பாக்கி என்று மெசேஜ் அனுப்பிவிட்டது. மறுநாள் ஆத்தா கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. முந்தானையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி மேசையில் வைத்தார். "இருவது வருசமா நான் எம்புட்டுப் பாக்கி வச்சேன்னு எம்மகனுக்குத் தெரியாதுப்பா. நீ எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல" என்றார். அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் கடை வழியாக நடந்து அடுத்த தெருக் கடைக்குப் போனார்.

நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தானாகப் போகும் மெசேஜை அன்றைக்கே நிறுத்தினேன். இப்போது பாக்கி விஷயத்தில் எந்த மிஷினும் என் வாடிக்கையாளரிடம் பேசுவதில்லை. கணக்கைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளட்டும், கேட்பதை நான்தான் கேட்கிறேன். சனிக்கிழமை கூலி வாங்குகிறவரிடம் வியாழக்கிழமை கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், ஆப்புக்குத் தெரியாது.

தராசுக்கு வருகிறேன். இருப்பது 30 கிலோத் தராசு ஒன்று, ஏலக்காய், கிராம்பு, குங்குமப்பூவுக்கு நுணுக்கமாக எடை காட்டும் சின்னது ஒன்று. சின்னத் தராசை மின்விசிறிக்கு நேர் கீழே வைத்திருந்தேன். எண் நிற்கவே நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து விசிறியை நிறுத்தினார், எண் நின்றுவிட்டது. பெரிய தராசில் கடைப் பையன் ஒருநாள் 50 கிலோ சீனி மூட்டையை அவசரத்தில் இறக்கி வைத்துவிட்டான். உள்ளே எடையை உணரும் லோட்செல் வளைந்தது. அதற்குப் பிறகு ஒரு கிலோ வைத்தால் 985 கிராம் காட்டியது. அதைக் கண்டுபிடிக்கும் வரை எத்தனை பேருக்கு எவ்வளவு கூட நிறுத்தேனோ. மாற்றின பிறகு தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளரிடம் மறுபடி முத்திரை வைக்க வேண்டும். ரிப்பேர் ஆகாவிட்டாலும் எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை கட்டாயம். ஒரு கிலோ முத்திரைப் படிக்கல் ஒன்றைக் கல்லாவிலேயே வைத்திருக்கிறேன், காலையில் ஒருமுறை வைத்துப் பார்ப்பேன். வாடிக்கையாளர் யாராவது கேட்டாலும் அவர் கண் முன்னாலேயே வைத்துக் காட்டலாம்.

க்யூஆர் அட்டை, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் இரண்டும் இல்லாமல் இன்றைக்குக் கடை நடக்காது. காலையில் கடை திறந்ததும் க்யூஆர் அட்டையை நானே ஸ்கேன் பண்ணி என் பெயர் வருகிறதா என்று பார்ப்பேன். ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஸ்டிக்கரை மேலே ஒட்டிவிட்டுப் போகிற வேலை நடக்கிறது. போன் திரையில் பச்சை டிக்கைக் காட்டினால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அதே மாதிரி தெரிகிற போலி ஆப்கள் இருக்கின்றன. பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை என்பதைக் கடைப் பையனுக்கு மனப்பாடம் ஆகும் வரை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் சவுண்ட்பாக்ஸை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2022 சித்திரைத் திருவிழா காட்டியது. கொரோனாவால் இரண்டு வருடம் ஜனங்கள் பார்க்க முடியாமல் போன திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, செம்பில் நிரப்பச் சர்க்கரை, சூடம் என்று கூட்டம் கடையை மொய்க்கிறது. வைகைக் கரை முழுக்க ஜனம். அத்தனை போனும் ஒரே நேரத்தில் டவரைப் பிடித்தால் சிக்னல் எங்கே இருக்கும்? சவுண்ட்பாக்ஸ் வாயே திறக்கவில்லை. "காசு போயிருச்சுண்ணே, இங்க பாருங்க" என்று ஆளாளுக்குப் போனை நீட்டுகிறார்கள். அழகரைப் பார்க்கப் போகிறவரை நிறுத்தி வைத்துச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நோட்டில் தொகையையும் அவர் போனில் தெரிந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில் கடைசி நான்கையும் எழுதிக்கொண்டு அனுப்பினேன். மறுநாள் சரிபார்த்ததில் 43 பேரில் 39 பேருடைய பணம் வந்திருந்தது. மீதி நான்கில் இரண்டு, அவரவர் கணக்குக்கே திரும்பிவிட்டதாக அவர்களே தேடி வந்து சொல்லிப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போய், கடைக்கு வராவிட்டால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதைச் சொன்னால் கோபமாக நிற்கிறவரும் கொஞ்சம் அமைதியாகிறார். இப்போது கடைக்கு பிராட்பேண்ட் இழுத்திருக்கிறேன், போனில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் உண்டு. திருவிழா நேரத்தில் அந்த நோட்டும் வெளியே வந்துவிடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் பற்றி ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கொரியரிலிருந்து பேசுகிறோம் என்று யாரோ போன் செய்து, போனுக்கு வந்த வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைக் கேட்க, பையன் சொல்லிவிட்டான். அரை மணி நேரத்தில் என் வாடிக்கையாளர்களுக்கு என் பெயரிலேயே பணம் கேட்டு மெசேஜ். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். திருடியவன் அதற்குள் தன்னுடைய பின் ஒன்றைப் போட்டுவிட்டதால் என் நம்பர் எனக்குத் திரும்ப ஏழு நாள் ஆனது. அந்த ஏழு நாளும் கடை வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தேன். செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று இருப்பதை முன்பே போட்டிருந்தால் அந்த ஆறு இலக்கம் மட்டும் அவனுக்குப் போதாது. இதைப் படிக்கிற கடைக்காரர்கள் தயவுசெய்து இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

மின்சாரத்துக்கு முதலில் 600 வி.ஏ. யுபிஎஸ் வாங்கினேன். கால் மணி நேரம் தாங்கும், பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்துகிற நாளில் பிரயோஜனம் இல்லை. பிறகு இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் போட்டேன். லேப்டாப், பிரிண்டர், இரண்டு விளக்கு, ஒரு விசிறி என்றால் பகல் தாராளமாக ஓடுகிறது. ஃப்ரிட்ஜை அதில் சேர்க்கவில்லை.

அந்த ஆத்தா இப்போது மறுபடி எங்கள் கடைதான். வாங்குகிறபோதெல்லாம் தமிழில் பில் அடித்துக் கொடுக்கிறேன், பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அந்தத் தாள் எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. அதனால் மாத மொத்தத்தை மட்டும் அவருடைய பழைய பற்று நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, பக்கத்தில் என் கையெழுத்துப் போடுகிறேன். போன மாதம் 1,260 ரூபாய். மகனுடைய நம்பரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.